டிராவல் போட்டோவை ரெண்டு பேரா சேர்ந்து சின்ன பிசினஸ் ஆக்குறது எப்படி? எதுக்கு அப்புறம் எதுன்னு முழு வழிகாட்டி

புதுசா இறங்குற ஜோடிங்க முக்காவாசி பேர் ஒரே ரூட்லதான் போறாங்க. முதல்ல ஒரு பேர் யோசிக்கிறாங்க, அப்புறம் லோகோ, அப்புறம் இன்ஸ்டா பேஜ், அப்புறம் வெப்சைட், இவ்வளவும் முடிஞ்சு கைக்காசும் கொஞ்சம் கரைஞ்சதுக்கு அப்புறம்தான் சரி இப்ப என்னத்த விக்கிறதுன்னு உக்காந்து யோசிக்கிறாங்க. நான் சொல்றது இதுக்கு அப்படியே தலைகீழ். கடை திறக்குறது 10வது ஸ்டெப்பாதான் வரும். நடுவுல ஒண்ணைத் தாண்டிக் குதிச்சா அப்புறம் திரும்ப வந்து அதே வேலையை கூடுதல் செலவுல பண்ண வேண்டி வரும், அதனால வரிசையை மாத்தாதீங்க.

1. ஆரம்பிக்கும் முன்னாடி கையில என்ன இருக்கணும்

புது கேமரா வேணாம், இருக்குறதே போதும். வேண்டியது போட்டோவோட ஒரிஜினல் ஃபைல். வாட்ஸ்ஆப்ல அனுப்பி வாங்கின காப்பி, சோஷியல் மீடியால இருந்து திரும்ப டவுன்லோட் பண்ணது இதெல்லாம் சுருக்கின ஃபைல், ஸ்கிரீன்ல பளிச்சுன்னு இருக்கும், பிரிண்ட் போட்டா பல்லிளிக்கும். ரா ஃபைல் (கேமரா தானா மெருகேத்தாம அப்படியே சேவ் பண்ற ஃபைல்) இருந்தா ரொம்ப நல்லது, இல்லைனா கேமராவோ போனோ முதல்ல சேவ் பண்ண ஜேபெக்.

அது போக ரெண்டு ஹார்ட் டிஸ்க், ரெண்டு பேருக்கும் பழகின ஒரே எடிட்டிங் சாஃப்ட்வேர், ஒரு ஸ்ப்ரெட்ஷீட், அப்புறம் சாம்பிள் பிரிண்ட்டுக்குன்னு தனியா எடுத்து வெச்ச கொஞ்சம் பணம். இந்தக் கடைசி ஐட்டத்தைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. சாம்பிள் போடாம விக்கிறவங்க முதல் கஸ்டமரையே சாம்பிள் ஆக்குறாங்க.

2. உங்க ரெண்டு பேருக்குள்ள பேசி எழுதி வைங்க

புருஷன் பொண்டாட்டிக்குள்ள எதுக்கு எழுத்துன்னு தோணும். ஆனா சண்டை வர்றது பணத்துலன்னு நினைக்காதீங்க, பெரும்பாலும் "இது நான் எடுத்த போட்டோ"ங்கிறதுலதான் வருது. நிறைய நாடுகள்ல போட்டோ எடுத்த அந்த நொடியிலேயே காப்பிரைட் தானா வந்துடும், பதிவு பண்ணணும்னு இல்ல, அது பொதுவா ஷட்டரை அமுக்கின ஆளுக்குத்தான் போகும். லைட் பாத்தது ஒருத்தர், இடம் கண்டுபிடிச்சது ஒருத்தர், அமுக்கினது இன்னொருத்தர்னு இருக்கும்போது யார் பேர் போடுறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. எல்லாத்துக்கும் ரெண்டு பேரையும் சேத்து ஒரே கிரெடிட்னு வெச்சுக்கிறது லேசு.

ஒரு பக்கத்துக்குள்ள எழுத வேண்டியது இவ்வளவுதான்: எடிட்டிங் யாரு, கஸ்டமருக்கு பதில் சொல்றது யாரு, கணக்கு யாரு, முதல் வருஷம் அதிகபட்சம் எவ்வளவு போடப் போறோம், ஒருத்தருக்கு போதும்னு ஆயிட்டா போட்டோ யாருகிட்ட இருக்கும். கூடவே ஒரு வீட்டோ விதி. யாராவது ஒருத்தர் "இதை விக்க வேணாம், இது நம்மளோடது"ன்னு சொன்னா அந்த போட்டோ லிஸ்ட்டுல இருந்து போயிடணும், காரணம் கேக்கக் கூடாது. இது இல்லாத இடத்துல அடுத்த ட்ரிப்புல ஒருத்தர் கேமரா பக்கமே வர மாட்டாங்க.

3. எல்லா ஃபைலையும் ஒரே இடத்துக்குக் கொண்டு வாங்க

ரெண்டு போன், ஒரு கேமரா, பழைய லேப்டாப், கிளவுட்னு சிதறிக் கிடக்கும். எல்லாத்தையும் ஒரு டிஸ்க்ல போட்டு வருஷம், மாசம், இடம்னு ஃபோல்டர் பண்ணுங்க. ஒரு விஷயம் கவனிங்க, ரெண்டு கேமராலயும் கடிகாரம் ஒத்துப் போகாது, வேற டைம் ஸோன் போனா கேமரால மாத்த மறந்திருப்போம், போன் தானா மாத்திருக்கும். சேக்குற முன்னாடியே எடிட்டிங் சாஃப்ட்வேர்ல நேரத்தை சரி பண்ணிடுங்க, இல்லைனா ஒரே காலைப்பொழுது ரெண்டு நாளா பிரிஞ்சு நிக்கும்.

பேக்கப்புக்கு 3-2-1னு ஒரு பழக்கம் இருக்கு. மொத்தம் 3 காப்பி, 2 வேற வேற மீடியா, அதுல 1 வீட்டுக்கு வெளிய. கிளவுட்ல போட்டா அந்த ஒண்ணு ஆயிடுச்சு. விக்க ஆரம்பிச்சப்புறம் ஃபைல் போச்சுன்னா போறது நினைவு மட்டும் இல்ல, சரக்கும் சேந்து போகுது.

4. கழிச்சுக் கட்டுங்க, மூணு ரவுண்டுல

முதல் ரவுண்டு வேகமா. ஃபோகஸ் இல்லாதது, கோணலானது, ஒரே மாதிரி பத்து இருந்தா ஒம்போது, எல்லாம் வெளிய. ரெண்டாவது ரவுண்டுல ரெண்டு பேரும் தனித்தனியா உக்காந்து ஸ்டார் போடுங்க, ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் பாக்கக் கூடாது. ரெண்டு பேரும் ஸ்டார் போட்டது மட்டும் மூணாவது ரவுண்டுக்கு. அதுக்கு நடுவுல ஒரு வாரமாவது இடைவெளி விடுங்க, ஏன்னா ட்ரிப் முடிஞ்ச சூட்டுல பாத்தா எல்லாமே அழகா தெரியும்.

இங்கதான் பெரிய தப்பு நடக்குது. அந்த மலை ஏற எவ்வளவு கஷ்டப்பட்டோம், அந்த மழையில எப்படி நனைஞ்சோம்னு நினைச்சு போட்டோவைத் தேர்ந்தெடுப்பாங்க. வாங்குறவங்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியாது. அவங்க பாக்குறது சோபாக்கு மேல தினமும் இதைப் பாத்துட்டு இருக்க முடியுமாங்கிறதுதான். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஜோடி, லைக் குவிஞ்ச ஒரு ரத்தச்சிவப்பு சூரிய அஸ்தமனத்தை முன்னாடி வெச்சாங்க, அதை எல்லாரும் நின்னு பாத்தாங்க, பாராட்டினாங்க, வாங்கல. மூலையில சாய்ச்சு வெச்சிருந்த நீலக் கதவு, அதுக்குப் பக்கத்துல சாத்தியிருந்த ஒரு சைக்கிள், ஓரத்துல பாதிச் சுவர் வெறுமையா, அதைத்தான் தூக்கிட்டுப் போனாங்க. அமைதியான கலர், கொஞ்சம் காலி இடம், ஆள் முகம் தெரியாதது இதெல்லாம் சுவத்துக்கு ஒத்துப் போகும். ஸ்கிரீன்ல கையை நிறுத்துற படமும் வீட்டுல மாட்டுற படமும் வேற வேற.

கடைசியா 15ல இருந்து 25க்குள்ள நிறுத்துங்க. அதுக்கு மேல போனா வாங்க வந்தவங்க குழம்பிப் போய் எதையும் வாங்காம கிளம்புவாங்க.

5. விக்கிற உரிமை உங்களுக்கு இருக்கான்னு ஒவ்வொண்ணா பாருங்க

எடுக்க உரிமை வேற, விக்க உரிமை வேற. மிச்சம் இருக்குற ஒவ்வொரு போட்டோக்கும் ஸ்ப்ரெட்ஷீட்ல ஒரு வரி போட்டு நாலு கேள்வி கேளுங்க.

ஆள் அடையாளம் தெரியுதா? தெரிஞ்சா விளம்பரத்துக்கோ ஸ்டாக் சைட்டுக்கோ (யார் வேணா காசு குடுத்து போட்டோவை டவுன்லோட் பண்ணி யூஸ் பண்ற சைட்டு) குடுக்க அவங்க கையெழுத்துப் போட்ட மாடல் ரிலீஸ், அதாவது சம்மதக் கடிதம் வேணும். இல்லைனா ஸ்டாக்ல எடிட்டோரியல்ங்கிற பிரிவுலதான் போகும், அதை செய்தி, கட்டுரை மாதிரி இடத்துல யூஸ் பண்ணலாம், பொருள் விக்கிற விளம்பரத்துல முடியாது. கலைப் பிரிண்ட்டா விக்கிறதுக்கு நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், ஆரம்பத்துல முகம் தெரியாத படமா வெச்சுக்கிட்டா இந்தத் தலைவலியே இல்ல. குழந்தைங்க முகம் வேணவே வேணாம்.

கட்டிடமோ கலைப்பொருளோ இருக்கா? பொது இடத்துல இருக்குறதை எடுத்து விக்கலாம்னு சில நாடுகள்ல சட்டமே இருக்கு, சில நாடுகள்ல இல்ல. பாரிஸ் ஈஃபில் டவர் நல்ல உதாரணம். 1889ல திறந்தது, டிசைன் உரிமை எப்பவோ காலாவதி, பகல் போட்டோவை தாராளமா விக்கலாம். ராத்திரி லைட்டிங் தனிப் படைப்பா பாதுகாக்கப்படுது, அந்த போட்டோவை வியாபாரத்துக்கு யூஸ் பண்ண டவரை நடத்துற கம்பெனிகிட்ட அனுமதி வாங்கணும். ஒரே டவர், ஒரே ஆங்கிள், சூரியன் மறைஞ்சதும் கதை மாறிடுது. மியூசியம் உள்ள, சுவர் ஓவியம் முன்னாடி, டிக்கெட் வாங்கி நுழைஞ்ச இடம், இதுக்கெல்லாம் அந்தந்த இடத்தோட விதியைப் பாத்துடுங்க.

லோகோ, பிராண்ட் பேர் தெரியுதா? ஸ்டாக்ல விளம்பரத்துக்கும் யூஸ் ஆகுற மாதிரி குடுக்கணும்னா அழிச்சாகணும். கடைசியா, ட்ரோன்ல எடுத்ததா? அப்படின்னா அங்க பறக்க விட அனுமதி இருந்துச்சா, வியாபாரத்துக்குன்னு தனி லைசன்ஸ் கேக்குறாங்களான்னு பாக்கணும்.

சந்தேகம் இருக்குற போட்டோவை "அப்புறம் பாக்கலாம்"னு லிஸ்ட்டுலயே வெச்சிருக்காதீங்க. தூக்கிடுங்க.

6. ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்க

பிரிண்ட், போஸ்ட்கார்டு, காலண்டர், போன் கவர், டோட் பேக், ஸ்டாக், எல்லாத்தையும் ஒரே நாள்ல ஆரம்பிக்குறவங்க ஒண்ணையும் ஒழுங்கா முடிக்கிறதில்ல. ஒவ்வொண்ணுக்கும் ஃபைல் அளவு வேற, பிரிண்டர் வேற, வாங்குற ஆளும் வேற.

என் சிபாரிசு பிரிண்ட்தான், ரெண்டே அளவுல, ஒரே பேப்பர்ல. ஒரு பிரிண்ட்டா கூட போட முடியும், அதனால சரக்கு தேங்காது. போஸ்ட்கார்டு விலை கம்மி, ஸ்டால்ல நல்லா போகும், ஆனா மொத்தமா அடிச்சாதான் கட்டுப்படி ஆகும். காலண்டர் அழகான பொறி. வருஷக் கடைசி ரெண்டு மூணு மாசத்துலதான் விக்கும், ஜனவரி நடுவுல மிச்சம் இருக்குறது வெறும் பேப்பர், அதனால கையில ஏற்கனவே வாங்குற ஆளுங்க இருந்தா மட்டும், அதுவும் வருஷ நடுவுலயே டிசைன் முடிச்சு வெச்சா மட்டும் தொடுங்க.

ஸ்டாக் சைட்டு பத்தி எல்லாரும் கேப்பாங்க. அடோபி ஸ்டாக்ல போட்டோவுக்கு 33 சதவீதம் ராயல்டி, ஷட்டர்ஸ்டாக்ல எத்தனை டவுன்லோட் ஆச்சுங்கிற லெவலைப் பொறுத்து 15ல இருந்து 40 வரைக்கும், அந்த லெவல் ஒவ்வொரு ஜனவரியும் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கும். சதவீதம் பாக்க நல்லாதான் இருக்கும், எதுல சதவீதம்னு பாத்தா ஒரு டவுன்லோடுக்கு வர்றது சில்லறைக் காசு. ஓரமா நடக்குற வேலையா வெச்சுக்கலாம், அதை நம்பி ட்ரிப் பிளான் பண்ணாதீங்க. லிமிடெட் எடிஷன்னு நம்பர் போட்டு விக்கப் போற படத்தை மட்டும் ஸ்டாக்ல ஏத்தவே கூடாது, காசு குடுத்து வாங்கினவங்க அதையே ஏதோ ஒரு விளம்பரத்துல பாத்தா உங்க பேர் அன்னிக்கே போச்சு.

7. பிரிண்ட்டுக்கு ஃபைல் தயார் பண்ணுங்க

கணக்கு ஈஸி. பக்கத்துல நின்னு பாக்குற பிரிண்ட்டுக்கு இஞ்சுக்கு 300 பிக்சல். 24 மெகாபிக்சல் கேமரா ஃபைல் 6000 x 4000 இருக்கும், 300ஆல வகுத்தா 20 x 13 இஞ்ச் சொச்சம். 12 மெகாபிக்சல் போன் ஃபைல் 4032 x 3024, அது 13 x 10 இஞ்ச் வரைக்கும் தாராளமா போகும். தள்ளி நின்னு பாக்குற பெரிய பிரிண்ட்டுக்கு 150 இருந்தாலே போதும், அதனால போன் போட்டோன்னு ஒதுக்காதீங்க. ஆனா ஃபைலை க்ராப் பண்ணிருந்தா க்ராப்புக்கு அப்புறம் இருக்குற பிக்சலை வெச்சு கணக்கு போடணும், இதை மறந்துடுறாங்க.

அடுத்தது வடிவம். பெரும்பாலான கேமரா 3:2, போன் 4:3. 8 x 10 இஞ்ச்ங்கிறது 5:4. கேமரா படத்தை அதுல போட்டா நீளத்துல 6ல 1 பங்கு வெட்டுப்படும், அந்த ஓரத்துலதான் சைக்கிள் நிக்கும். 3:2 படத்துக்கு 12 x 18 அளவு வெட்டே இல்லாம உக்காரும். அளவை முடிவு பண்ணிட்டு க்ராப் பண்ணுங்க, க்ராப் பண்ணிட்டு அளவு தேடாதீங்க.

கலருக்கு, பிரிண்ட் போடுற லேப்கிட்ட என்ன கலர் ப்ரொஃபைல் (ஃபைல்ல கலரைக் குறிக்கிற முறை) வேணும்னு கேளுங்க. ஒண்ணும் சொல்லலைனா ஸ்கிரீனுக்கு வழக்கமா யூஸ் பண்ற எஸ்ஆர்ஜிபில (sRGB) அதிகபட்ச குவாலிட்டி ஜேபெக். அச்சு மையோட நாலு கலர் முறையான சிஎம்ஒய்கேக்கு (CMYK) நீங்களா மாத்தாதீங்க, போஸ்ட்கார்டு மாதிரி மொத்தமா ஆஃப்செட் பிரஸ்ல அடிக்குறவங்க கேட்டா மட்டும். போஸ்ட்கார்டுக்கு நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டிப் போடுறதுக்குன்னு படத்தை ஓரத்தைத் தாண்டி நீட்டுறது) விடணும், அதாவது 148 x 105 மில்லிமீட்டர் கார்டுக்கு ஃபைல் 154 x 111. இல்லைனா கத்தி கொஞ்சம் நகந்தாலும் ஓரத்துல வெள்ளைக் கோடு.

8. சாம்பிள் போட்டு கையில பிடிச்சுப் பாருங்க

முதல் சாம்பிள் கைக்கு வந்ததும் எல்லாரும் சொல்ற வார்த்தை "ஏன் இவ்வளவு இருட்டா இருக்கு". பிரிண்டர் மேல தப்பில்ல. ஸ்கிரீன் தானா வெளிச்சம் விடுது, பேப்பர் அறையில இருக்குற வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் குடுக்குது, நீங்க ஸ்கிரீன் பிரைட்னஸை முழுசா வெச்சு எடிட் பண்ணிருப்பீங்க. பிரைட்னஸை நல்லா குறைச்சு, முடிஞ்சா கேலிப்ரேட்டர் (ஸ்கிரீன் கலரை அளந்து சரி பண்ற கருவி) இரவல் வாங்கி செட் பண்ணி, திரும்ப எடிட் பண்ணுங்க.

வெயில் நேரா விழாத ஜன்னல் பக்கத்துல பகல்ல வெச்சு மூணு இடம் பாருங்க. நிழல்: கதவுக்கு உள்ள இருக்குற இருட்டுல ஏதாவது தெரியுதா, இல்ல மொத்தமா கருப்பா அப்பிடுச்சா. வானம்: கலர் படிப்படியா மாறுதா, இல்ல பட்டை பட்டையா தெரியுதா. நீலம்: சாயங்கால நீலம் ஊதாப் பக்கம் சாஞ்சிருக்கான்னு பாருங்க, அது அடிக்கடி நடக்கும். அப்புறம் ராத்திரி பல்பு வெளிச்சத்துல ஒரு தடவை, ஏன்னா வாங்குறவங்க வீட்டுல பாதி நேரம் அந்த வெளிச்சம்தான்.

பேப்பர் ரெண்டு மூணு ரகத்துல கேளுங்க. பளபளன்னு இருக்குறது கலரைத் தூக்கிக் காட்டும், கூடவே ஜன்னலையும் காட்டும். மேட் பேப்பர் அமைதியா இருக்கும், கருப்பு கொஞ்சம் இளகும். நீண்ட நாள் நிக்கணும்னா ஆசிட் இல்லாத பேப்பர், சீக்கிரம் மங்காத பிக்மென்ட் இங்க். ஆர்டர் வந்தப்புறம் அடிச்சு அவங்களே அனுப்புற பிரிண்ட்-ஆன்-டிமாண்ட் கம்பெனி வழியா விக்கிறதா இருந்தாலும் சாம்பிளை உங்க அட்ரஸுக்கே ஆர்டர் போடுங்க, பேக்கிங் எப்படி வருதுன்னும் சேந்து தெரிஞ்சிடும்.

9. விலை போடுங்க

பிரிண்ட் செலவு 100, பேக்கிங் 20ன்னு வெச்சுக்கலாம், எந்தப் பணமா இருந்தாலும் சரி. 250க்கு விக்கிறீங்க. பிளாட்ஃபார்ம், பேமென்ட் எல்லாம் சேத்து 10 சதவீதம்னா 25 போச்சு. 20க்கு 1 உடைஞ்சு திரும்ப அனுப்ப வேண்டி வரும்னு ஒதுக்கினா ஒவ்வொண்ணுக்கும் 6. மிச்சம் 99. பரவாயில்லையேன்னு தோணும்.

இப்ப ஒரு கடைக்காரர், உங்க பிரிண்ட்டை நான் வெச்சு விக்கிறேன், பாதி எனக்குன்னு சொல்றாரு. பாதிங்கிறது இந்தத் தொழில்ல சகஜமா கேக்குறதுதான். 125 உங்களுக்கு வருது, 120 செலவு. 5 மிச்சம், ரெண்டு பேர் உழைப்புக்கு. அதுக்காக கடையில மட்டும் விலையை ஏத்தவும் முடியாது, ஆன்லைன்ல கம்மின்னு தெரிஞ்சா அவரு சும்மா விட மாட்டாரு. அதனால ஆரம்பத்துலயே பாதியா வெட்டினாலும் நிக்கிற விலையா போடுங்க, செலவோட 3 மடங்குல ஆரம்பிச்சா 360, பாதி போனாலும் 60 நிக்கும். பின்னாடி விலையைக் குறைக்கிறது சுலபம், ஏத்தினா பழைய கஸ்டமர் முகம் சுளிப்பாங்க.

ஹோட்டலோ மேகஸினோ போட்டோவை யூஸ் பண்ணக் கேட்டா அது வேற கணக்கு. எங்க போடுவாங்க, எத்தனை நாளைக்கு, வேற யாருக்கும் குடுக்கக் கூடாதா, இந்த மூணையும் எழுத்துல வாங்கிட்டு அதுக்கப்புறம் விலை சொல்லுங்க. "கிரெடிட் போடுறோம்"ங்கிறது விலை கிடையாது.

10. இப்ப கடையைத் திறங்க

சொந்த வெப்சைட் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஸ்டால்லயோ எட்ஸி (கைவினை, கலைப்பொருள் விக்கிற ஆன்லைன் சந்தை) மாதிரி ஒரு இடத்துலயோ போட்டுப் பாருங்க. ஸ்டால்ல ஜனங்க எதைக் கையில எடுக்குறாங்க, எதைத் திரும்ப வெக்கிறாங்கன்னு நேர்ல தெரியும். எட்ஸில ஒரு லிஸ்டிங் 4 மாசம் இருக்கும், 13 டேக் (தேடும்போது சிக்குற வார்த்தை) போடலாம், ஒவ்வொண்ணும் 20 எழுத்துக்குள்ள. டேக்ல ஊர் பேரை மட்டும் நிரப்பாதீங்க, வாங்குறவங்க "நீலச் சுவர் படம்", "ஹாலுக்கு படம்"னுதான் தேடுவாங்க.

லிஸ்டிங்ல ஒரு படமாவது சுவத்துல மாட்டின மாதிரி, அளவு புரியுற மாதிரி இருக்கணும். ஆன்லைன்ல ஏத்துற காப்பி 2000 பிக்சல் சுத்துவட்டாரத்துல போதும், ஒரிஜினலை ஏத்தாதீங்க, இலவசமா பிரிண்ட் போட்டுக்குவாங்க. நீங்க தங்கின இடம், வீட்டு மாடில எடுத்தது இதுல எல்லாம் ஜிபிஎஸ் விவரம் ஒளிஞ்சிருக்கும், எக்ஸ்போர்ட் பண்ணும்போதே நீக்கிடுங்க.

11. பேக்கிங்

ஏ4 வரைக்கும் தட்டையா, ரெண்டு கெட்டி அட்டைக்கு நடுவுல, பிளாஸ்டிக் உறைக்குள்ள. அதுக்கு மேல குழாய், படம் உள்பக்கமா வர்ற மாதிரி டிஷ்யூ வெச்சு சுருட்டணும், ரப்பர் பேண்டு போடவே கூடாது, தடம் விழுந்துடும். இங்க்ஜெட் பிரிண்ட்டை வந்த அன்னிக்கே மூடி வெக்காம ஒரு நாள் காய விடுங்க. ஃபிரேம் போட்டு அனுப்புறதை முதல் வருஷம் யோசிக்கவே வேணாம், கண்ணாடி உடையுற செலவுல லாபம் மொத்தமும் போகும்.

12. கணக்கும் அடுத்த ட்ரிப்பும்

முதல் ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே தனி பேங்க் அக்கவுண்ட். வீட்டுச் செலவோட கலந்துட்டா வருஷக் கடைசில லாபமா நஷ்டமான்னே தெரியாது. ட்ரிப் செலவை பிசினஸ் செலவா காட்டலாமான்னு உங்க ஊர் வரி விதி தெரிஞ்ச ஆள்கிட்ட ஒரு தடவை கேட்டுடுங்க, நீங்களா முடிவு பண்ணாதீங்க. அதே மாதிரி அங்க இருக்குற ஒரு ஹோட்டலுக்கு காசு வாங்கிட்டு எடுக்கப் போறீங்கன்னா டூரிஸ்ட் விசால அதைப் பண்ண நிறைய நாடுகள்ல அனுமதி கிடையாது.

எது வித்துச்சுன்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்ப்ரெட்ஷீட்டைப் பாத்து அடுத்த ட்ரிப்புக்கு ஷாட் லிஸ்ட் போடுங்க. கதவு வித்துதுன்னா இன்னும் நாலு கதவு, அதே அளவு காலி இடத்தோட, செட்டா மாட்டுற மாதிரி. ஒரு நாளைக்கு காலையில ரெண்டு மணி நேரம் லிஸ்ட்டுக்கு, மிச்ச நேரம் கேமராவைப் பைக்குள்ள போட்டுட்டு சும்மா ஊர் சுத்துங்க. கிளம்புறதுக்கு முன்னாடி மாடல் ரிலீஸ் ஃபார்மை ரெண்டு பேர் போன்லயும் ஏத்திக்கோங்க, நெட் இல்லாத இடத்துலயும் திறந்து கையெழுத்து வாங்குற மாதிரி.